முதலும் வாய்ச்சொல்லும்: ‘தெரிந்து செயல்வகை’க்கு ஒரு மலைநாட்டு உரை

திருக்குறளின் 47ஆம் அதிகாரம் ‘தெரிந்து செயல்வகை’. பொருட்பாலில் அரசியல் பகுதியில் வருவதால், பரிமேலழகர் முதலான பழைய உரையாசிரியர்கள் இதை அரசனுக்குச் சொன்ன அறிவுரையாகக் கொண்டு, படையெடுப்பையும் பகைவரையும் மனத்தில் வைத்து உரை எழுதினார்கள். ஆனால் இந்தப் பத்துக் குறள்களில் பேசப்படும் இழப்பு, முதல், ஊதியம், துணைவர், துணிவு, பழி ஆகிய யாவும் ஒரு கடைக்காரரின் வாழ்க்கையிலும் அன்றாடம் வருபவை. மலேசியாவின் கேமரன் மலையில் திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கம் தாத்தாவும் பாட்டியும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த வீட்டுப் பிள்ளைகள் இன்று சொந்தமாகக் காய்கறி வியாபாரம், தேயிலைப் பொட்டலம், தங்கும் விடுதி என்று தொடங்குகிறார்கள். நிறுவனப் பதிவகமான எஸ்.எஸ்.எம்.மில் பெயரைப் பதிந்து, அரசின் தெக்குன் சிறுதொழில் கடனுக்கு மனுப் போட்டு, மீதிப் பணத்துக்கு உறவினர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தில் எதிர்கொள்ளும் கேள்வி, இல்லாததை இருப்பதாகக் கொஞ்சம் அளந்து விட்டால்தான் தொழில் நிற்குமா என்பது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த அதிகாரத்தை வாசித்துப் பார்க்கிறேன். குறள்களை இங்கே எடுத்தெழுதவில்லை. எண்ணைக் குறித்துப் பொருளைச் சொல்கிறேன். மூலம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

461

ஒரு செயலில் இறங்கும் முன் அதனால் எது அழியும், அழிந்தபின் எது ஆகும், ஆனது பிற்பாடு என்ன ஊதியம் தரும் என்ற மூன்றையும் ஆராயச் சொல்கிறது முதல் குறள். மூன்றில் அழிவுதான் முதலில் நிற்கிறது. கடன் கேட்டு எழுதும் திட்ட அறிக்கைகளில் நாம் இதைத் தலைகீழாக எழுதுகிறோம். வரவு முதல் பக்கத்தில் இருக்கும், இழப்பைத் தேட வேண்டியிருக்கும்.

தேயிலையில் இந்த மூன்றும் கண்ணுக்கே தெரியும். காட்டை அழித்துச் சரிவைத் திருத்தி நாற்று நட்டால், முதல் கொழுந்து எடுக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதன்பின் ஒழுங்காகக் கவாத்து செய்தால் ஒரு செடி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் கொழுந்து தரும். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் ஹாபு பக்கம் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மலாயாவின் ரப்பரும் ஈயமும் விலையிழந்தன. ரஸ்ஸல் 1933இல் இறந்துபோனார். தாம் போட்ட முதலின் முழுப் பலனை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் மூன்றையும் எண்ணிச் செய்த வேலை அது என்பதற்கு இன்றும் பச்சையாக நிற்கிற மலைச்சரிவுகளே சாட்சி.

இந்தக் குறளோடு நான் சேர்த்துக் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. அழிவது யாருடையது? இலங்கையில் 1869இல் காபிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் காபித் தொழில் சரிந்து, அதை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. துரைமார்களின் இழப்பு வரலாற்றில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. பல மாதக் கூலி வராமல் நின்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்து போன தொழிலாளர்கள். அந்தத் துணிச்சலின் அழிவில் அவர்களுக்கும் பங்கிருந்தது, ஆவதில் மட்டும் பங்கில்லை.

கேமரன் மலையிலேயே இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு இருக்கிறது. மேட்டில் கண்மூடித்தனமாகக் காட்டை வெட்டிப் பண்ணை போட்டதில் மண் அரித்து வந்து ரிங்லெட் நீர்த்தேக்கம் தூர்ந்துகொண்டே போனது. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. மேலே வெட்டியவர் துணிந்தார், கீழே குடியிருந்தவர் இழந்தார். தன் இழப்பை மட்டும் எண்ணுகிறவர் இந்தக் குறளைப் பாதிதான் படித்திருக்கிறார்.

462

தேர்ந்தெடுத்த துணைவரோடு கலந்து ஆராய்ந்து செய்பவர்க்கு அரிய பொருள் என்று எதுவுமில்லை என்கிறது அடுத்த குறள். ரஸ்ஸலுக்குத் தேயிலை தெரியாது. இலங்கையில் தேயிலை பயிரிட்ட அனுபவமுள்ள ஏ. பி. மில்னைத் துணையாகக் கொண்டார். தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் இந்தக் குறளின் வழி. இதற்கு மேல் இங்கே விளக்கம் வேண்டியதில்லை.

463

வரப்போகும் ஆக்கத்தை நினைத்து, கையில் இருக்கும் முதலையும் இழக்கச் செய்யும் வேலையை அறிவுடையார் மேற்கொள்ள மாட்டார். இந்த அதிகாரத்தில் தொழில் முனைவோர்க்கு மிக நெருக்கமான குறள் இதுதான். மிகவும் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். ‘முதல் போகும் அபாயம் இருந்தால் இறங்காதே’ என்று பொருள் கொண்டால், உலகத்தில் யாரும் ஒரு தேநீர்க் கடைகூடத் திறக்க முடியாது. வள்ளுவர் சொல்வது முதல் முழுவதையும் ஒரே வீச்சில் வைப்பதைப் பற்றி.

மறுபடி ரஸ்ஸலைப் பாருங்கள். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தை நடத்திய மலாயன் கோலியரீஸ் நிறுவனம் அவர் கட்டியெழுப்பியது. ஈயத்திலும் ரப்பரிலும் நிலத்திலும் அவருக்குப் பணம் இருந்தது. தேயிலை தவறியிருந்தாலும் அவர் குடும்பம் பசித்திருக்காது. அவர் செய்தது பெரிய துணிவுதான், ஆனால் முதலின் ஒரு பகுதியை வைத்துச் செய்த துணிவு. 2001 டிசம்பரில் டோனி பெர்னாண்டஸ் ஏர் ஏசியாவை 1 வெள்ளிக்கு வாங்கினார் என்ற கதையைத் தொழில் பயிற்சிக் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். அந்த 1 வெள்ளியோடு ஏறத்தாழ 4 கோடி வெள்ளிக் கடனும் சேர்ந்து வந்தது என்பதையும், தம் வீட்டையே அடகு வைத்தார் என்பதையும், அதற்கு முன் வார்னர் மியூசிக் நிறுவனத்தில் உயர்பதவியில் இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். விழுந்தாலும் எழுந்து நிற்க அவருக்கு வேறு ஒரு தளம் இருந்தது.

நம் பிள்ளைகளுக்கு அந்தத் தளம் பெரும்பாலும் இல்லை. அதனால் அவர்களுடைய தொழிலுக்கு முதல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ முப்பது ஆண்டு உழைத்த மாமாவுக்கு 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. அந்தப் பணம் வரும் செய்தி வீட்டுக்குள் தெரிந்ததும் அக்காள் மகன் வந்து நிற்கிறான். “ரெண்டு வருசத்துல ரெட்டிப்பாத் தரேன் மாமா” என்கிறான். மாமாவுக்கு அது தொழில் முதல் கிடையாது. இனி உடம்பு உழைக்காத காலத்துக்கான சோறும் மருந்தும் அதுதான். மருமகனுக்கு அது பத்தில் ஒரு வாய்ப்பு, மாமாவுக்கு அதுவே எல்லாம். இந்தக் குறளில் வரும் முதல் நம்முடையது மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை. நம்மை நம்பியவரின் முதலை வைத்து விளையாடுவது, நம் முதலை வைத்து விளையாடுவதைவிடப் பல மடங்கு கொடியது என்பது என் தீர்மானமான கருத்து.

464

இகழ்ச்சிக்கு அஞ்சுகிறவர்கள் தெளிவில்லாத செயலைத் தொடங்க மாட்டார்கள். இந்த இடத்தில் மட்டும் நான் வள்ளுவரோடு சற்று வழக்காட வேண்டியிருக்கிறது.

திரிங்காப் சாலையோரம் நின்று பார்த்தால், மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட பண்ணைகள் தெரியும். இரும்புக் குழாய், கூரைத்தாள், சொட்டுநீர், உரம், ஆள் கூலி என்று ஒரு பண்ணை எழுப்பப் பெரும் பணம் ஆகும். ஆனால் இந்த மலையில் நெடுங்காலமாகப் பல விவசாயிகளின் கையில் இருந்தது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமம், அதாவது டி.ஓ.எல். அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமா என்று உறுதியாகத் தெரியாத ஒருவர் அதில் வாழ்நாள் சேமிப்பைப் போட்டார். தெளிவில்லாததைத் தொடங்கக் கூடாதென்றால் இவர்கள் யாருமே மண்வெட்டியைத் தொட்டிருக்க முடியாது. சிங்கப்பூர் வரை லோரியில் போகும் கீரையும் முட்டைக்கோசும் தக்காளியும் விளைந்திருக்காது. தெளிவு என்பது வசதியுள்ளவருக்கு எளிதில் கிடைப்பது. ஏழைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தெளிவில்லாத நிலமும் தெளிவில்லாத பட்டாவும்தான்.

ஆகவே இந்தக் குறளை நான் இப்படிப் படிக்கிறேன். நிலைமை தெளிவில்லாமல் இருக்கலாம், அது தெளிவில்லை என்பதை மறைக்கக் கூடாது. கடன் கொடுப்பவரிடமும், பங்கு போடுபவரிடமும், சம்பளத்துக்கு வருபவரிடமும் “இது சொந்த நிலம் இல்ல, காலம் முடிஞ்சா புதுப்பிக்கணும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டால், துணிவு எல்லாரும் அறிந்த துணிவாகிறது. பிற்பாடு நிலம் போனால் வருத்தம் இருக்கும், இகழ்ச்சி இருக்காது. குறள் அஞ்சச் சொல்வது அந்த இகழ்ச்சிக்குத்தானே.

465, 466

வகையாக எண்ணாமல் கிளம்புவது, பகைவரை நல்ல பாத்தியில் நட்டு வளர்ப்பது போன்றது என்கிறது ஒரு குறள். செய்யக் கூடாததைச் செய்தாலும் கெடும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும் கெடும் என்கிறது அடுத்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது அவசரக்காரனைத் தடுக்கிறது, இரண்டாவது தயங்கி நிற்பவனைத் தள்ளுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவில் நின்றவராக எனக்குத் தோன்றுபவர் வ. உ. சிதம்பரனார். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, எதிரில் இருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் அதன் கையில் இருந்தது. சிதம்பரனார் முதலில் கப்பலை வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார். எதிர்க் கம்பெனியின் அழுத்தத்தால் வாடகைக் கப்பல் பின்வாங்கியதும், சொந்தக் கப்பல் வாங்கியே தீருவது என்று பம்பாய்க்குப் போனார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அது பலிக்காமல் போகவே இலவசமாக ஏற்றிக்கொள்வதாகவும் குடை தருவதாகவும் சொல்லிப் பார்த்தது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். அவர் சிறையில் இருக்கும்போதே 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

வெறும் வரவுசெலவுக் கணக்காகப் பார்த்தால் இது முதல் இழந்த வேலை, 463க்கு முரணானது. ஆனாலும் இதை யாரும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. பங்கு வாங்கியவர்களுக்கு யாரை எதிர்த்துக் கப்பல் விடுகிறோம் என்பது தெரியும். லாபத்தோடு நாட்டுப் பற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இழப்பின் பெரும்பாரத்தை நடத்தியவரே சுமந்தார். வக்கீல் தொழில் போனது, சொத்து போனது, சிறையில் செக்கிழுத்தார், வெளியே வந்தபின் வறுமையில் வாழ்ந்தார். அரசாங்கமே எதிரியின் பக்கம் நிற்கும்போது தனக்கு என்ன நேரும் என்பதை அவர் குறைத்து எண்ணியிருக்கலாம். அந்த அளவில் 465ஆம் குறள் அவருக்கும் பொருந்தும். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட கேடு அவரைச் சேராது.

467

எண்ணியபின் துணிய வேண்டும், துணிந்துவிட்டுப் பிறகு எண்ணுவோம் என்பது இழுக்கு. இதை அறியாத தமிழர் இல்லை. ஆனால் நம் வியாபாரப் பேச்சில் மிக அதிகமாகப் புழங்கும் வாக்கியம் ‘அப்பறம் பாத்துக்கலாம்’ என்பதுதான். அளந்து விடுவதன் அடிப்படையே இந்த ‘அப்பறம்’. முதலில் வாயால் வென்றுவிட்டு, கையால் பின்னர் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அது.

திரிங்காப்பில் அரை ஏக்கர் தக்காளி போட்டிருக்கும் ஒரு தம்பியை எண்ணிக்கொள்வோம். கோலாலம்பூரில் உணவகம் நடத்தும் ஒருவர் போனில் கேட்கிறார்.

“தினமும் 300 கிலோ கொடுக்க முடியுமா தம்பி?”

“முடியும்ண்ணே.”

இது பொய்யா? இன்னும் தெரியாது. அடுத்து அவன் என்ன சொல்கிறான் என்பதில்தான் இருக்கிறது. “எல்லாம் நம்ம தோட்டத்துலயே வெளையுதுண்ணே, ரெண்டு லோரி ஓடுது” என்றால் பொய். இல்லாத தோட்டத்தையும் இல்லாத லோரியையும் இன்றைக்கு இருப்பதாகச் சொல்கிறான். “எங்க தோட்டத்துல கொஞ்சம்தான்ண்ணே, பக்கத்துத் தோட்டக்காரங்கக்கிட்டச் சேத்து எடுத்துத் தரேன், மொத மாசம் 150 கிலோ உறுதி, ரெண்டாவது மாசத்துலருந்து 300” என்றால், அதிலும் துணிவு இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் தலையாட்டவில்லை, பனி அடித்தால் விளைச்சல் குறையலாம். ஆனால் கேட்பவர் எதன் மீது பணத்தைப் போடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். நாளையைப் பற்றி நம்பிக்கையோடு பேசலாம், அந்த நம்பிக்கைக்காக நாமே முதலில் வியர்வை சிந்தத் தயாராக இருந்தால். இன்றைக்கு இருப்பதைப் பற்றி ஓர் எழுத்தும் மாற்றிச் சொல்லக் கூடாது. தொழில் தொடங்குபவர்க்கு நான் போடும் எல்லைக்கோடு இதுதான்.

இதை மறுப்பவர்கள் உண்டு. 1968இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் ஆல்பர்ட் கார் என்பவர், வியாபாரம் போக்கர் சீட்டாட்டம் போன்றது, அதில் கையிலுள்ள சீட்டை மறைத்து எதிராளியை நம்பவைப்பது ஆட்ட விதிதானே ஒழிய ஒழுக்கக்கேடு ஆகாது என்று வாதிட்டார். அவர் சொன்னதில் ஒரு பகுதி சரி. மொத்தக் காய்கறிச் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் தங்கள் கடைசி விலையைச் சொல்லாமல் பேரம் பேசுகிறார்கள். இருவருக்கும் அது தெரியும், இருவரும் பத்துப் பேரிடம் விலை விசாரித்துவிட்டு வந்தவர்கள். சொல்லாமல் இருப்பது அங்கே குற்றமாகாது. ஆனால் கார் சொன்ன மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆட விரும்பி வந்தவர்கள். சேமநிதிப் பணத்தை நீட்டிய மாமா எந்த மேசையில் உட்கார்ந்தார்? மூன்று மாதச் சம்பளத்தை ‘அடுத்த மாசம் சேத்து வாங்கிக்க’ என்ற சொல்லை நம்பி விட்டுக்கொடுத்த வேலைக்காரப் பெண்ணுக்கு யார் சீட்டுக் கொடுத்தார்கள்? விசாரித்துப் பார்க்க வழியில்லாதவரிடம் அளந்து விடுவதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொய்க்குத் துணையாக வள்ளுவரையே அழைப்பவர்களும் இருக்கிறார்கள். வாய்மை அதிகாரத்தின் 292ஆம் குறளைக் காட்டி, நன்மை வருமானால் பொய்யும் சொல்லலாமே என்பார்கள். அந்தக் குறள் குற்றமே கலவாத நன்மையைக் கேட்கிறது. சொல்பவனுக்கு லாபமும் கேட்பவனுக்கு ஆபத்தும் தரும் ஒரு வாக்கு அந்த நிபந்தனையில் எப்படித் தேறும்? அதற்கு அடுத்த குறளையும் சேர்த்துப் படித்தால், மனம் அறிந்த பொய்யைச் சொன்னவனை அந்த மனமே சுடும் என்று அவர் சொல்லியிருப்பது தெரியும்.

468

முறையான வழியில் செய்யாத முயற்சியை, எத்தனை பேர் கூடி நின்று காத்தாலும் அது ஓட்டையாகிப் போகும்.

இந்தக் குறளுக்கு நம் காலத்தில் கிடைத்த உரை அமெரிக்காவில் இருக்கிறது. 2003இல் எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கிய தெரனோஸ் நிறுவனம், விரலில் எடுத்த சில துளி இரத்தத்தில் பலவகைப் பரிசோதனைகளைச் செய்யும் கருவி தன்னிடம் இருப்பதாகச் சொன்னது. அந்தக் கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. பல பரிசோதனைகளை வேறு நிறுவனங்களின் இயந்திரங்களில் மறைவாகச் செய்தார்கள். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஹென்றி கிசிஞ்சரும் ஜார்ஜ் ஷுல்ட்சும் அதன் இயக்குநர் குழுவில் இருந்தார்கள். அவ்வளவு பெரியவர்கள் நின்று போற்றியும் நிற்கவில்லை. 2022 ஜனவரியில் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றம் உறுதியாகி, நவம்பரில் ஹோம்ஸுக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ‘இன்றைக்கு இருக்கிறது’ என்று சொன்னதுதான் அவரைச் சிறையில் தள்ளியது. ‘ஒருநாள் செய்து காட்டுவோம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அது தோற்றுப்போன ஒரு கனவாக நின்றிருக்கும்.

தமிழ்நாட்டில் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகள் 2012இல் சரிந்ததும் இதே கதைதான். திரைப்பட நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். குஞ்சு வளர்க்கப் பணம் கட்டியவர்களில் பலர் நிலத்தை அடகு வைத்த விவசாயிகள். ஈமு இறைச்சிக்கு அவ்வளவு பெரிய சந்தை இருக்கிறதா என்ற எளிய கேள்விக்குப் பதில் இல்லாமலே மாத வருமானம் வாக்களிக்கப்பட்டது.

469

நல்லது செய்வதிலும் தவறு உண்டு, அவரவர் இயல்பறிந்து செய்யாவிட்டால். நல்ல எண்ணத்தோடு கேட்டாலும், இழப்பைத் தாங்கும் இயல்பு யாருக்கு இருக்கிறது என்று பார்த்துக் கேட்க வேண்டும் என்பது இதன் பொருளாகத் தொழிலுக்கு வரும். வங்கி தாங்கும். பெரிய தவுக்கே, அதாவது முதலாளி, தாங்குவார். பாட்டியின் தாலிக்கொடி தாங்காது.

இந்தக் குறளைப் படிக்கும்போதெல்லாம் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறை என் நினைவுக்கு வருகிறது. அங்கே நடந்தது இதற்கு நேர்மாறானது. கங்காணிக்கு ஆட்களின் இயல்பு நன்றாகவே தெரியும். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தொழிலாளியையே கங்காணியாக்கி, உரிமச் சீட்டும் பணமும் கொடுத்து அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பினார்கள். அந்நியன் சொன்னால் நம்பாத ஊர், சித்தப்பா மகன் சொன்னால் நம்பும். பஞ்சத்தில் இருந்த குடும்பம், கடனில் இருந்த குடும்பம், சாதிக் கொடுமையில் புழுங்கிய குடும்பம் எது என்று அவருக்குத் தெரியும். இலங்கைக்குப் போனால் தேயிலைச் செடியின் அடியில் தோண்டினாலே தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்துப் போனார்கள் என்பது மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. மலாயாவுக்கும் இப்படிப்பட்ட வாக்குகளை நம்பித்தான் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள். தான் சேர்த்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் வந்தால் அவருக்கு லாபம், வந்த ஆள் மலேரியாவில் செத்தால் அவருக்கு நட்டம் பெரிதில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தோட்டத் தொழிலின் துணிச்சல் அவர்களுடைய உடம்பின் மேல் எடுக்கப்பட்டது. லண்டனில் பங்கு வாங்கியவருக்கு அபாயத்தை விளக்கும் அறிக்கை போனது, ராமநாதபுரத்திலும் சேலத்திலும் புறப்பட்டவருக்கு மாசிக் கருவாட்டுக் கதை போனது. அந்தக் கதையை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அளந்து விடும் வியாபாரத்தின் மறுமுனையில் நிற்பது எப்படியிருக்கும் என்று நமக்குப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

470

உலகம் இகழாத வழிகளை எண்ணிச் செய்ய வேண்டும், தமக்குப் பொருந்தாததை உலகம் ஏற்றுக்கொள்ளாது. இறுதிக் குறள் இது. இங்கே உலகம் என்பதை ஊர்ப்பேச்சு என்று சிறிதாக்கிவிடக் கூடாது. இந்தியத் தலைவர்களின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று மலாயாவுக்கு ஆள் அனுப்பும் முறையை நிறுத்தியது. கங்காணிகளின் ஆள்சேர்ப்பு அதோடு முடிந்தது. சட்டம் வர நெடுங்காலம் ஆனது, அதற்குள் மூன்று தலைமுறை கடந்துவிட்டது. உலகம் ஏற்காது என்பது உண்மைதான், ஆனால் அது ஏற்க மறுக்கும் வரை காத்திருக்க முடியாதவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

அதனால்தான் உலகம் வந்து தடுக்கும்வரை விடாமல், வியாபாரியே தன்னைத் தடுத்துக்கொள்ள வேண்டும் என்று வேறோர் அதிகாரத்தில், 120ஆம் குறளில், வள்ளுவர் சொல்லியிருக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்பது அதன் கருத்து. திரிங்காப்பில் மாலையில் லோரி ஏற்றும் இடத்தில் ஒரு தக்காளிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மேல்வரிசையும் அடிவரிசையும் ஒரே தரத்தில் இருந்தால், அந்தப் பண்ணைக்காரருக்கு இந்தக் குறளுக்கு உரை தேவையில்லை.

இந்த மலையில் இந்த ஆண்டு தொழில் தொடங்கப் போகிற தம்பி, தங்கைகளுக்கு என் வேண்டுகோள். வீட்டார் பணத்தை வாங்கும் முன், இன்றைக்கு உங்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை, நிலம் யார் பெயரில் இருக்கிறது, தொழில் கெட்டால் அவர்களுடைய பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகும் அவர்கள் பணம் தந்தால் வாங்கிக்கொண்டு துணிந்து இறங்குங்கள்.